தோசையில் பாலுக்கு ஏது இடம்?

சென்னையில் இருக்கிற நம்ம பிள்ளைங்க கொஞ்ச நாளா ஒரே கேள்வியைக் கேக்குறாங்க. பால் ஊத்தாம பான்கேக் பண்ண முடியுமா? ஒருத்தர் வீட்டுக் குழந்தைக்குப் பால் ஒத்துக்கலை. இன்னொருத்தர் வீகன் ஆயிட்டார். ஓட்ஸ் பால், பாதாம் பால்னு டப்பா டப்பாவா வாங்கி, அதை மைதாவில் கரைச்சு, ஊத்தி, அது கல்லுல ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குதுன்னு வருத்தப்படுறாங்க. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் குடியிருந்துக்கிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டா எனக்குச் சிரிப்புதான் வருது. கையில் வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையற கதை இது. இந்த வெண்ணெயில பால் இல்லைங்கறது மட்டும்தான் வித்தியாசம்.

அந்தத் தெருக்களில் தினம் ஆயிரக்கணக்கில் சுடுகிற தோசை பால் இல்லாத பலகாரம்தானே. அதைப் 'பால் இல்லாத பான்கேக்' என்று யாரும் சொல்வதில்லை. ஏன்னா அதில் பாலுக்கு எப்பவுமே இடம் இருந்ததில்லை. அந்த இடத்தை நிரப்பியது எது, அதற்கு யார் யார் உழைத்தார்கள், அரிசி இல்லாமல் போன காலத்தில் மெட்ராஸ் என்ன செய்தது என்பதெல்லாம் ஒரு பெரிய கதை. உளுந்து விதைக்கிறவன் என்ற முறையில் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டுன்னு நினைக்கிறேன்.

முதலில் அடுப்படிக் கணக்கு. வெள்ளைக்காரர் பான்கேக்கில் பாலுக்கு மூணு வேலை. மாவைக் கரைக்கும் ஈரம் அது. அதில் இருக்கும் கொழுப்பு பலகாரத்தை மெத்தென்று ஆக்கும். பாலில் உள்ள சர்க்கரை கல்லில் பட்டுச் சிவக்கும். எழும்பி வர முட்டையும் பேக்கிங் பவுடரும் வேணும்.

தோசையில் ஈரத்துக்குத் தண்ணீர். மற்றதெல்லாம் உளுந்தின் பொறுப்பு. ஊறின உளுந்தை அரைத்தால் வரும் கொழகொழப்பை மாவாட்டினவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பசைதான் காற்றைப் பிடித்து வைக்கிற பை. காற்றை உண்டாக்குவது லுகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள். அவை கடையில் வாங்கிப் போடுவதல்ல, உளுந்தோடும் அரிசியோடும் வயலிலிருந்தே வருகின்றன. ராத்திரி முழுக்க அவை வேலை செய்து, காலையில் மாவு பாத்திரத்தின் விளிம்புக்கு ஏறி நிற்கும். சிவக்கிறதுக்கு ஒரு பிடி கடலைப்பருப்பும் அரை ஸ்பூன் வெந்தயமும் போதும். நல்ல நிறத்துக்கு ஓட்டல்காரர் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவார்.

ஏட்டில் இருக்கும் அடை

நம்ம ஊரில் கல்லில் சுட்ட பலகாரம் ரொம்பப் பழசு. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், மதுரையின் ராத்திரிக் கடைகளைச் சொல்லும்போது தேன்கூடு போல இருக்கும் மெல்லிய அடையைக் காட்டுகிறார். அப்பம் விற்கிறவர்களுக்குக் 'கூவியர்' என்று தனிப்பெயரே இருந்திருக்கிறது. தேன்கூடு மாதிரி என்றால் கண்ணு கண்ணா ஓட்டை விழுந்திருக்கணும். அப்படிக் கண்ணு விழ வேணுமானால் மாவு கொஞ்சமாவது புளிச்சிருக்கணும் என்பது என் எண்ணம்.

கன்னட தேசத்தில் 1025 வாக்கில் சாவுண்டராயர் எழுதிய லோகோபகாரம் என்ற நூலில் இட்லியின் பாட்டி வருகிறாள். அங்கே உளுந்தை மோரில் ஊறவைத்து அரைக்கச் சொல்கிறார். அரிசிப் பேச்சே இல்லை. அதற்கு நூறு வருஷம் கழித்து, மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசத்தில் 'தோசகம்' என்று ஒரு பலகாரம். அதுவும் பருப்பு அரைத்துச் சுடுவதுதான். அதிலும் அரிசி கிடையாது. ஆக, பால் குடும்பத்திலிருந்து மோர் மட்டும் ஒரு காலத்தில் எட்டிப் பார்த்திருக்கிறது. பின்னால் அதுவும் தேவைப்படவில்லை. தண்ணீரிலேயே மாவு புளிக்கும்போது மோர் எதுக்கு?

15, 16-ஆம் நூற்றாண்டுத் திருமலைக் கல்வெட்டுகளில் பெருமாளுக்குப் படைக்கிற பட்டியலில் அப்பப்படி, அதிரசப்படி என்பவற்றோடு தோசைப்படியும் இருக்கிறது. மதுரைப் பக்கம் அழகர்கோயிலில் இன்றைக்கும் அரிசியும் உளுந்தும் சேர்த்த கனமான தோசைதான் அழகருக்கு. அதை நெய்யில் சுடுவார்கள். கவனிங்க, நெய் வெளியே இருக்கு. மாவுக்குள்ளே பால் போகவில்லை.

சம்பாவின் காலடியில் உளுந்து

அரிசியும் உளுந்தும் எப்படி ஒரே உரலில் சேர்ந்தன என்று பட்டணத்துக்காரர்கள் ஆச்சரியப்படலாம். டெல்டாவில் அவை முதலில் ஒரே வயலில் சேருகின்றன. தை மாசம் சம்பா முற்றி நிற்கும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், வயலில் கால் வைத்தால் பதியும் அளவுக்கு ஈரம் இருக்கும்போது, நிற்கிற கதிருக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்போம். உழவு கிடையாது. தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவதும் கிடையாது. நெல்லுக்கு விட்ட தண்ணீரின் மிச்ச ஈரமும் மாசிப் பனியும்தான் அதற்குச் சாப்பாடு. நெல்லை அறுத்து எடுக்கும்போது தாளுக்கு நடுவே உளுந்து ரெண்டு இலை விட்டிருக்கும். எழுபது எழுபத்தைந்து நாளில் கறுப்புக் காய் முற்றிவிடும். பங்குனி, சித்திரையில் பிடுங்கிக் களத்தில் போட்டு அடிப்போம்.

வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைத்துவிட்டுப் போவதால் அடுத்த நெல்லுக்கும் அதனால் லாபம். நெல் கடனை அடைக்கும், உளுந்து கையில் காசு கொடுக்கும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. தோசை மாவில் நாலுக்கு ஒன்று என்று நீங்கள் போடும் அரிசியும் உளுந்தும், ஒரே மண்ணில் ஒன்றன் காலடியில் ஒன்று வளர்ந்தவை.

இன்னொன்றையும் சொல்லணும். விளைவித்தவர்கள் வீட்டில் தோசை தினப்படி சாப்பாடாக இருந்ததில்லை. எங்கள் தாத்தா காலத்துக் கிராமத்தில் காலையில் பழைய சோறு. கூலிக்கு வேலை செய்தவர்களுக்கு அதுவும் இல்லாத நாளில் கேழ்வரகுக் கூழ். இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். பட்டணத்து பிராமண வீடுகளில் அமாவாசை, ஏகாதசி மாதிரி அரிசிச் சோறு தவிர்க்கிற ராத்திரிகளில் 'பலகாரம்' என்ற பேரில் தோசையும் அடையும் வந்தன. தோசை தினமும் கிடைக்கிற பண்டமானது ஓட்டலால். அந்த மாற்றம் பெரும்பாலும் மெட்ராஸில், அதுவும் இந்தத் தென்பகுதித் தெருக்களில் நடந்தது.

ஏரி போன இடம்

தி.நகரில் நெய் ரோஸ்ட் சாப்பிடுகிறவர்கள் தங்கள் காலுக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளணும். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தது ஒரு பெரிய ஏரி. வெள்ளைக்காரர் அதை 'லாங் டேங்க்' என்றே எழுதினார்கள். அதன் தண்ணீரில் நெல் விளைந்தது. 1923-இல் அந்த ஏரியை வற்றவைத்து மனை பிரிக்கத் தொடங்கினார்கள். அப்படி உருவான ஊருக்கு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பேர் வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு இன்னும் இருக்கு. பார்க்கிறதுக்கு ஏரிதான் இல்லை.

நெல் விளைந்த நிலம் வீடானது. வீட்டுக்கு வந்தவர்கள் கோர்ட்டிலும் செக்ரடேரியட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர்கள். காலையில் அவசரம். சாயங்காலம் டிபன். தனியாக வந்து அறை எடுத்துத் தங்கின பிள்ளைகளுக்கு உரலும் கிடையாது, ஆட்டுறதுக்கு ஆளும் கிடையாது. அந்த இடத்தில்தான் ஓட்டல் நுழைந்தது.

நுழைந்தவர்களில் பெரிய கூட்டம் உடுப்பிப் பக்கத்தவர்கள். அவர்களில் பேர் நிலைத்தவர் கே. கிருஷ்ணராவ். சமையற்கட்டு எடுபிடியாகத் தொடங்கி மெட்ராஸில் சொந்தக் கடை வைத்தவர். 1938-இல் ராயப்பேட்டையில் 'உட்லண்ட்ஸ்' என்ற பேரில் இருந்த பழைய மாளிகையில் ஓட்டல் தொடங்கினார். பிறகு மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் வந்தது. உருளைக்கிழங்கு மசாலாவை உள்ளே வைத்து மடித்த மசால் தோசையை மெட்ராஸில் பரப்பியவர் என்று அவரைச் சொல்வது வழக்கம்.

1962-இல் கதீட்ரல் ரோட்டில், விவசாய தோட்டக்கலைச் சங்கத்தின் இடத்தில், மரத்தடியில் காரை நிறுத்திக்கொண்டு சாப்பிடும் டிரைவ்-இன் ஓட்டலைத் திறந்தார்கள். செடி கொடி வளர்க்க 1835-இல் தொடங்கின சங்கம் அது. விதையும் நாற்றும் பேசுகிற இடத்தில் தோசை வாசனையும் சேர்ந்துகொண்டது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. 2008-இல் அந்த ஓட்டல் மூடப்பட்டது. இன்றைக்கு அங்கே செம்மொழிப் பூங்கா.

யார் ஆட்டினார்கள், யார் உட்கார்ந்தார்கள்

ஓட்டல் தோசையின் வரலாற்றில் ரெண்டு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஒண்ணு உழைப்பு. பத்துப் பேருக்குத் தோசை சுட வேணுமானால் குறைந்தது ஒரு மணி நேரம் ஆட்டுக்கல்லில் உட்காரணும். ஒரு கை குழவியைச் சுற்றும், இன்னொரு கை மாவைத் தள்ளிவிடும். வீட்டில் அது பெண்களின் தோள். ஓட்டலில் ஊரை விட்டு வந்த சின்னப் பையன்களின் தோள். முதலாளி, சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், சப்ளையர், டேபிள் துடைக்கிறவர் என்று போகும் ஏணியில் மாவாட்டுகிறவன்தான் கடைசிப் படி. பாலை விட்டால் அந்த இடத்துக்கு ஒரு ராத்திரி வந்தது என்று சொன்னேனே, ராத்திரி மட்டும் இல்லை, இந்தத் தோளும் வந்தது.

ரெண்டாவது, யார் உள்ளே உட்காரலாம் என்பது. அந்தக் கால ஓட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. தலித் மக்களுக்குப் பல இடங்களில் உள்ளே வரவே வழியில்லை. சுதந்திரத்தை ஒட்டிச் சட்டம் வந்து பாகுபாடு போன பிறகும் போர்டில் 'பிராமணாள்' என்ற சொல் தொங்கிக்கொண்டிருந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள், கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் போர்டிலிருந்து போனது. வயலில் உளுந்து பிடுங்கின கை எதுவோ, அந்தக் கைக்கும் அதே மேசையில் தோசை கிடைக்க இவ்வளவு நாள் ஆயிருக்கு.

ரங்கூன் அரிசி நின்ற வருஷம்

மெட்ராஸ் சாப்பிட்ட அரிசி எல்லாம் தஞ்சாவூர் அரிசி என்று நினைத்தால் தவறு. பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வந்துகொண்டிருந்தது. பழைய ஆட்கள் 'ரங்கூன் அரிசி' என்று சொல்வார்கள். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். கப்பல் நின்றது. அடுத்த வருஷம் வங்காளத்தில் பஞ்சம். 1943-இல் மெட்ராஸ் நகரத்தில் ரேஷன் வந்தது. அளந்து கொடுத்த அரிசி சோற்றுக்கே பத்தவில்லை. அதில் எங்கே மாவு ஆட்டுவது?

அப்போது கைகொடுத்தது கோதுமையும் ரவையும். பெங்களூரில் எம்.டி.ஆர். ஓட்டல்காரர்கள் ரவை இட்லியை இந்தப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில்தான் கண்டுபிடித்தோம் என்று சொல்லிவருகிறார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் கோதுமை மாவைச் சப்பாத்தியாக உருட்டப் பழகாத கைகள் அதைத் தண்ணீரில் கரைத்துத் தோசைக்கல்லில் ஊற்றின. கரைச்ச தோசை. ஆட்ட வேண்டாம், ராத்திரி காத்திருக்க வேண்டாம். பால் இல்லாத பான்கேக் எங்கேன்னு தேடுகிறவர்களுக்கு அசல் பதில் இதுதான்.

1952-இல் முதலமைச்சரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். ஆனால் அறுபதுகளில் தட்டுப்பாடு திரும்ப வந்தது. 1965, 1966 ரெண்டு வருஷமும் நாடு முழுக்க மழை பொய்த்தது. அமெரிக்காவின் பி.எல். 480 ஒப்பந்தத்தில் கோதுமைக் கப்பல்கள் வந்தன. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை ராத்திரி, சாப்பாட்டை விடச் சொன்னார். ஓட்டல்களும் அந்த ராத்திரி அடைத்தன. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி அண்ணா ஆட்சியைப் பிடித்து, சென்னையிலும் கோவையிலும் ஒரு படி அரிசியைக் கொடுத்தும் காட்டினார். ஆட்சியையே மாற்றின அரிசி அது. மயிலாப்பூர் மாடவீதி வீட்டிலும் சேத்துப்பட்டுக் குடிசையிலும் அந்த வருஷங்களில் கல்லில் விழுந்தது ரேஷன் கோதுமைதான்.

டெல்டாவில் அதே நேரம் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. பின்னால் ஐ.ஆர். ரகங்கள். குண்டு நெல் வெளைச்சல் கூடியது. இன்றைக்கு உங்கள் கடையில் 'இட்லி அரிசி' என்று பை போட்டு விற்பது பெரும்பாலும் ஆடுதுறை 37 மாதிரியான குண்டு ரகத்தைப் புழுக்கினது. சோற்றுக்குச் சன்னம், மாவுக்குக் குண்டு என்று பிரிந்ததே அரிசி தாராளமான பிறகு வந்த சௌகரியம்தான்.

கரைச்ச தோசையும் வெல்ல தோசையும்

கேட்டவர்களுக்குப் பக்குவத்தையும் சொல்லிடறேன். கோதுமை மாவு ஒரு டம்ளர், பச்சரிசி மாவு கால் டம்ளர், உப்பு, சீரகம், நறுக்கின பச்சை மிளகாய், கறிவேப்பிலை. ரெண்டரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்கணும். மோர் மாதிரி நீர்க்க இருக்கணும், கெட்டியாக இருந்தால் பசையாகிவிடும். கல் நன்றாகக் காய்ந்ததும் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு மாவை வீசி ஊற்றணும். கரண்டியால் தேய்க்கக் கூடாது. ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு. அரிசி மாவுதான் மொறுமொறுப்பு. சிலர் மோர் சேர்ப்பார்கள், வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு இனிப்பாக வேணும் என்றால் வெல்ல தோசை. கோதுமை மாவு ஒரு டம்ளர், அரிசி மாவு ரெண்டு ஸ்பூன். முக்கால் டம்ளர் பொடித்த வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைய வைத்து, மண் போக வடிகட்டி, ஆறின பிறகு மாவில் ஊற்றுங்க. துருவின தேங்காய், ஏலக்காய். இது கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவா விழற பதத்தில் இருக்கணும். சின்ன வட்டமாக ஊற்றி அப்படியே விட்டுடணும். தீ ரொம்பக் கம்மியா இருக்கணும், ஏன்னா வெல்லம் சீக்கிரம் கருகும். வீடுகளில் சுற்றிலும் நெய் விட்டு, மேலே வெண்ணெய் வைத்துக் கொடுப்பது வழக்கம். பால் ஒத்துக்காத குழந்தைக்கு நல்லெண்ணெய் விடுங்க, ருசி கெடாது. பாலின் கொழுப்புக்குப் பதில் தேங்காய், பாலின் சர்க்கரைக்குப் பதில் வெல்லம். நிறம் தானா வந்துடும்.

அடைக்கும் இதே நியாயம்தான். பருப்பும் அரிசியும் மிளகாயும் கொரகொரப்பாக அரைத்தால் அன்றைக்கே சுடலாம். மயிலாப்பூர் ஓட்டல்களில் அதை அவியலோடு வைப்பார்கள், சிலர் வெல்லத்தைத் தொட்டுக்கொள்வார்கள். ஆப்பத்துக்கு மட்டும் பால் வேணும், ஆனால் அது தேங்காய்ப்பால். மாட்டுக்கு அதில் பங்கில்லை.

அப்போ மெட்ராஸ்காரர்கள் பாலை என்ன செய்தார்கள்? காப்பியில் ஊற்றினார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று ஒரு புத்தகத்துக்கே பேர் வைத்திருக்கிறார். காப்பி வந்த பிறகு பாலின் தரம்தான் ஓட்டலின் மானம். தண்ணீர் கலந்த பாலைக் கையும் களவுமாகப் பிடிப்பதே முதலாளிக்கு விடிகாலை வேலை. டம்ளரில் பால், இலையில் பால் இல்லாத தோசை. டிபன்-காப்பி என்று ஒரே மூச்சில் சொல்கிறோம், ஆனால் ரெண்டும் ரெண்டு பக்கத்திலிருந்து வந்தவை.

குழவி நின்றது

தோள் வலிக்கு முடிவு கட்டியது கோவை. 1955-இல் அங்கே பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் சுற்றும் கிரைண்டரைச் செய்தார் என்று சொல்வார்கள். முதலில் ஓட்டல்கள் வாங்கின, பிறகு வீடுகள். இன்றைக்குக் கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மாவாட்டுகிற பையன் வேலை போனது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டுப் பெண்களுக்கு மிச்சமான அந்த ஒரு மணி நேரத்தை எந்த வரலாற்றுப் புத்தகமும் சரியாக எழுதவில்லை என்பதுதான் வருத்தம்.

அடுத்த கட்டமாக இப்போது மாவே பாக்கெட்டில் வருகிறது. அடையாறிலும் மந்தைவெளியிலும் மாவுக் கடை இல்லாத தெரு குறைவு. வாங்குவதில் தப்பில்லை. ஆனால் பாக்கெட்டில் உளுந்து எவ்வளவு, எங்கே விளைந்தது என்று ஒரு தடவையாவது யோசிக்கணும்.

ஏன் சொல்றேன்னா, எங்கள் பக்கம் உளுந்து சுருங்கி வருது. மேட்டூர் தண்ணி தாமதமானால் சம்பா தாமதம். சம்பா தாமதமானால் உளுந்துக்குப் பனி கிடைக்காது. ஆள் கிடைக்காமல் அறுப்பு இயந்திரம் விடுகிறோம், அதன் சக்கரம் முளைத்த உளுந்தை நசுக்கிக்கொண்டு போகிறது. அதனால் விதையைக் கூடுதலாகத் தெளிக்க வேண்டியிருக்கு. மஞ்சள் தேமல் வந்தால் காயே பிடிக்காது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் டெல்டாவில் சாய்ந்த நெல்லோடு முளைத்த உளுந்தும் அழுகியது. நன்றாக விளைந்த வருஷத்தில் விலை இறங்கிவிடும். அந்தக் குறையை நிரப்ப நாடு உளுந்தை இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? மியான்மரிலிருந்து. அதாவது பழைய பர்மா. 1942-இல் ரங்கூன் அரிசி நின்றபோது மெட்ராஸ் கோதுமையைக் கரைத்து ஊற்றித் தப்பித்தது. இன்றைக்கு அதே ரங்கூனிலிருந்து உளுந்து வராமல் போனால் எதைக் கரைப்பது? ரவைக்கும் கோதுமைக்கும் அரிசியின் இடத்தைக் கொடுக்கலாம். உளுந்தின் இடத்துக்கு இதுவரை எதுவும் வந்ததில்லை.

அதனால் பால் இல்லாத பான்கேக் தேடுகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் ஒரு தேதிதான். பங்குனிக் கடைசியிலிருந்து சித்திரை வரைக்கும் புது உளுந்து வரும். வெள்ளை உருட்டுக்குப் பதில் கறுப்புத் தோலோடு முழு உளுந்தாக ஒரு படி வாங்கிப் பாருங்க, எந்த ஊர்ச் சரக்கு என்று கடைக்காரரிடம் கேளுங்க. நாலு மணி நேரம் ஊறவைத்துப் பிசைந்தால் தோல் தண்ணீரில் மிதந்து வந்துடும். ரெண்டு அலசு அலசிக் கொட்டினால் போதும், கொஞ்சம் தோல் மிச்சமிருந்தால் நல்லதுதான். ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைங்க, பழசைவிட மாவு கூடக் காணும். ராத்திரி பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீங்க.